அவசரம் இல்லாத படம்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். நான் வேலை செய்வது சித்தூரில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில். ஒரு வரியில் நாலு வார்த்தைக்கு மேல் போட்டால் ஓனர், "எழுத்த கொற, மூஞ்சிய பெருசாக்கு" என்பார். அப்படிப் பழகிய கைக்கு இவ்வளவு நீளமாக எழுதுவது பெரிய பாடு. ஆனால் என்னோடு அறையில் இருக்கும் சிநேகிதன், "எழுதினேன்னா கைய ஒடிச்சிடுவேன்" என்றான். அவன் அப்படிச் சொன்ன பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு படத்துக்காகக் காத்திருந்த கதை இது. அந்தப் படத்தில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். அது இதில் வராது.

எனக்கும் சிநேகிதனுக்கும் ஊர் ஆந்திர எல்லையில் நகரிப் பக்கம், வீட்டில் தமிழ். வேலைக்காகச் சித்தூரில் ஒரே அறையில் இருக்கிறோம். அவன் பங்காருபாளையம் போகிற வழியில் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் இருக்கிறான். ஜூன் மாதத்தில் அவன் பக்கத்தில் பஸ்ஸில் உட்கார்ந்தால் ஈ என்னையும் சேர்த்து மொய்க்கும். சினிமா என்றால் அவனுக்கு உயிர். அதிலும் இந்தப் படம் அறிவித்த நாளிலிருந்து மனுஷனுக்கு வேறு பேச்சே கிடையாது.

பெரிய படம். ஒரு ஆணும் பெண்ணும் மூன்று வயதுகளில் காதலிப்பார்களாம். முதல் காட்சியிலேயே ஹீரோ செத்துவிடுவானாம். அதற்குப் பிறகுதான் படமே ஆரம்பமாம். பனியில் பாதி, பாலைவனத்தில் பாதி எடுத்தார்களாம். டைரக்டர் வீட்டை விற்றாராம், ஹீரோ சோற்றை விட்டானாம். எல்லாமே 'ஆம்'தான், பார்த்தவன் ஒருத்தனும் இல்லை. டீசர் என்று முப்பது நொடி விட்டார்கள். அதில் இருபது நொடி வெறும் புகை. மீதிப் பத்து நொடியில் ஒரு கிழவன் கை, ஒரு சின்னப் பெண் கை, நடுவில் ஒரு படகு. அதை இவன் நூறு தடவை பார்த்துவிட்டு என்னிடம், "மச்சான், படகு யாரு தெரியுமா? சாவு" என்றான்.

"தண்ணி யாரு? உங்க ஃபேக்டரி கூழா?" என்றேன். அன்று ராத்திரி சோறு அவன் முறை. எனக்கு வடிக்கவில்லை.

சரி, இதில் ஒரு பெண் எப்படி வந்தாள் என்று சொல்ல வேண்டும். போன வருஷம் இவனுக்கு டெங்கு வந்து திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாலு நாள் படுத்திருந்தான். அவள் அங்கே நர்ஸ். வீட்டில் தெலுங்கு, நர்சிங் படித்தது வேலூரில், அதனால் தமிழும் நன்றாகப் பேசுவாள். இரண்டாம் நாள் இவன் அவளிடம், "சிஸ்டர், நான் செத்துடுவேனா?" என்று கேட்டிருக்கிறான்.

அவள் சலைன் பாட்டிலைத் தட்டிக்கொண்டே, "பிளேட்லெட் ஏறிக்கினு கீது. சாவற ஐடியா இருந்தா பெட்ட காலி பண்ணு, வெளிய ஆளு நிக்குது" என்றாளாம்.

இவனுக்குக் காதல் அங்கேயே வந்துவிட்டது. ரிப்போர்ட் பற்றிக் கேட்கவேண்டும் என்று நம்பர் வாங்கினான். ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு நாள் பேசினார்கள், மற்றதைப் பற்றி நாலு மாதம். சாப்பிட்டாயா, டியூட்டி முடிந்ததா, மழையா, வெயிலா. அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்க அவனுக்குத் தைரியம் இல்லை. அந்தத் தைரியத்தைப் படம் கொடுத்தது. சங்கராந்திக்கு ரிலீஸ் என்று போஸ்டர் வந்த அன்று, "படம் வந்தா மொத நாள் என்கூட வர்றியா?" என்று போட்டான். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் இரண்டு வார்த்தை: அவசரம் இல்ல.

போனை என் முகத்தில் இடிப்பது போல நீட்டினான். "பாத்தியா? அவசரம் இல்லயாம். மெதுவா போலாம்னு சொல்றா."

நான் படித்தேன். என் வாய்க்கு ஒரு நாளாவது லீவு விட்டிருக்கலாம். விடவில்லை. "டேய், அது தமிழ் அவசரமா, தெலுங்கு அவசரமா?" என்று கேட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தமிழில் அவசரம் என்றால் சீக்கிரம் வேண்டும் என்று பொருள். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. தமிழில் அவசரம் இல்லை என்றால், பொறுமையாகப் பார்த்துக்கொள்ளலாம். தெலுங்கில் சொன்னால், வேண்டவே வேண்டாம்.

இந்த வார்த்தையிடம் நான் ஏற்கனவே அடிபட்டவன். கடையில் சேர்ந்த புதிதில் ஒருவர் வந்தார். அவருடைய மாமா ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டிருந்தார், டாக்டர் கையை விரித்துவிட்டார். அஞ்சலி ஃபிளெக்ஸை டிசைன் மட்டும் செய்து வைக்கச் சொல்லி போட்டோ கொடுத்துவிட்டுப் போனார். மூன்று நாள் கழித்து போன் செய்து, "தம்முடு, ஆ ஃபிளெக்ஸ் அவசரம் லேது" என்றார். காதில் விழுந்தது தெலுங்கு, மண்டையில் ஏறியது தமிழ். அவசரம் இல்லை என்கிறார், பாவம், நிதானமாக நல்லபடியாகச் செய்வோம் என்று பூவெல்லாம் வைத்து, விளக்கெல்லாம் வைத்து, எட்டடிக்கு அடித்து, கடை வண்டியிலேயே வீடு தேடிக் கொண்டுபோனேன். வாசலில் கட்டிலில் உட்கார்ந்து ஒருவர் ராகி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். சுருளை வாங்கி அவரே பிரித்தார். அவர்தான் மாமா. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "போட்டோ பாகுந்தி. புட்டின தேதி தப்பு" என்றார். படம் நன்றாக இருக்கிறதாம், பிறந்த தேதி மட்டும் தப்பாம். நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமலே கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

இதெல்லாம் சிநேகிதனுக்குத் தெரியும். அதனால்தான் நான் கேட்ட கேள்வி அவனுக்குள் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் அறை கோர்ட்டாகிவிட்டது. அவளுடைய பழைய மெசேஜ்களை எல்லாம் சாட்சிக்கு இழுத்தான்.

"இத பாரு. 'லிஃப்ட் அவசரம் இல்ல, படியில வரேன்'. இது தமிழா, தெலுங்கா?"

"லிஃப்டு தேவையில்லன்னாலும் படிதான், மெதுவா வரேன்னாலும் படிதான்."

"இது? 'லீவு அவசரம்'னு போட்ருக்கா."

"லீவு ஒடனே வேணும்னாலும் கேக்கணும், தேவைன்னாலும் கேக்கணும். மச்சான், இவ நர்ஸ் இல்ல, வக்கீலு."

"இல்லன்னு தமிழ்ல போட்டிருக்காடா. தெலுங்குன்னா லேதுன்னு தானே போடணும்?"

"மாவு தமிழு, உப்பு தெலுங்கு. துன்னு பாத்தாதான் தெரியும். நேரா கேளேன்."

"கேட்டா?"

கேட்டால் என்ன என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சங்கராந்திக்குப் படம் வரவில்லை. கிராபிக்ஸ் முடியவில்லை என்று உகாதிக்குத் தள்ளினார்கள். இவன் உடைந்துபோவான் என்று கிண்டலை எல்லாம் தயார் செய்துகொண்டு வந்தேன். அவனோ எனக்கு டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தான். உகாதிக்கும் வரவில்லை. அன்றைக்கு இரண்டு போண்டா. டீக்கடையில் யாரோ டைரக்டரைத் திட்ட, இவன், "நல்ல படம்னா லேட்டாவத்தான் செய்யும். வர்ட்டும் மெதுவா" என்றான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. படம் வரும்வரை அந்த வார்த்தை தமிழ். வந்த அன்றைக்கு அது தெலுங்காகிவிடலாம். இத்தனை நாள் தவம் கிடந்தவன், இப்போது படம் வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவனைக் கிண்டல் செய்வது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. செய்தேன், ஆனால் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் தேதி வந்தேவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை. சென்சார் முடிந்துவிட்டது, இனித் தள்ளமாட்டார்கள். தியேட்டருக்கு ஃபிளெக்ஸ் அடிக்கும் வேலை எங்கள் கடைக்கே வந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை அவனைப் பிடித்து, "ரெண்டு டிக்கெட்டா, மூணு டிக்கெட்டா? இன்னிக்கி தெரிஞ்சாவணும்" என்று திருப்பதி பஸ்ஸில் ஏற்றினேன். புத்தலப்பட்டு தாண்டும்வரை இறங்கிவிடுகிறேன், இறங்கிவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஜன்னல் சீட்டை அவனுக்குக் கொடுத்துவிட்டு நான் வழியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு ஜூஸ் கடை. இரண்டு மணி ஷிப்ட் முடிந்து அவள் சாப்பாட்டுப் பையோடு வந்தாள். அதுவரை அவளை நான் போட்டோவில்தான் பார்த்திருந்தேன். நேரில் கண்ணெல்லாம் தூக்கமாக இருந்தது.

"இன்னா, மறுபடியும் டெங்குவா?" என்றாள்.

இவன் வாயைத் திறந்தான். காற்று மட்டும் வந்தது. வேறு வழியில்லாமல் நான் புகுந்தேன். "சிஸ்டர், ஒரே ஒரு டவுட்டு. படத்துக்கு கூப்பிட்டதுக்கு அவசரம் இல்லன்னு போட்டீங்களே, அது எந்த பாஷ?"

"அண்ணா, நீங்க யாரு?"

"இவன் ரூம்மேட்டு. எட்டு மாசமா இதே கேஸு ஓடிக்கினு கீது. நான் தீர்ப்பு கேக்க வந்தேன்."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். ஜூஸ் கடைக்காரர் மிக்ஸியை நிறுத்திவிட்டுப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தெலுங்குதான்" என்றாள்.

நான் சிநேகிதனைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

அவளே பேசினாள். "நீ அத கேட்ட அன்னிக்கி எங்க வார்டுல ஒரு பெரியவரு போய்ட்டாரு. அவரு சம்சாரம் அழவே இல்ல. தலைய சீவி விடும்மா, அவரு கலைஞ்ச தலையோட வெளிய வரமாட்டாருன்னாங்க. நான்தான் சீவனேன். வகிடு எந்தப் பக்கம்னு கேட்டேன். எடது பக்கம்னு சொல்லும்போதுதான் அழுதாங்க. அப்ப உன் மெசேஜ் வந்துது, காதலு சாவு பத்தின படம், வர்றியான்னு. இதுக்கு மேல அந்த டைரக்டரு எனக்கு இன்னா காட்டப் போறாரு? அவசரம் இல்லன்னு போட்டேன்."

மிக்ஸி மறுபடி ஓட ஆரம்பித்தது. இவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "சரி" என்றான். அந்த இரண்டு எழுத்தைச் சொல்வதற்குள் எட்டு மாதமும் அவன் முகத்திலிருந்து இறங்கிப்போனது.

"இன்னா சரி?" என்றாள் அவள். "படம் அவசரம் இல்லன்னேன். வேற எதுனா அவசரம் இல்லன்னு சொன்னேனா?"

இவன் அப்போதும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பட்டென்று புரிந்துவிட்டது. அவன் காலை ஓங்கி மிதித்தேன்.

"சிரிக்கற படம் எதுனா ஓடுதா பாரு," என்று பையை எடுத்துக்கொண்டாள். "எனக்கு வெள்ளிக்கெழம ஆஃப், காலைக்காட்சிக்கே போலாம். அன்னிக்கி விட்டா அடுத்த வாரம்லாம் டியூட்டி." என்னைப் பார்த்து, "அண்ணா, நீங்க வராதீங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை. நாலு வருஷமாக அவன் நாள் எண்ணிய அதே வெள்ளிக்கிழமை, அதே காலைக்காட்சி நேரம். திரும்பி வரும் பஸ்ஸில் அதை அவனுக்கு விரல் விட்டு எண்ணிக் காட்டினேன்.

"நீ போய் பாரு மச்சான்," என்றான் கடைசியில். "பாத்துட்டு வந்து கதய மட்டும் சொல்லாத."

"மொத நாள் மொத ஷோ விட்டா செத்துடுவேன்னு சொன்ன?"

"சொன்னேன். அப்ப அவ ஆஃபு என்னிக்கின்னு தெரியாது."

வியாழக்கிழமை அந்தப் படத்துக்கு இருபதடியில் ஃபிளெக்ஸ் அடித்தோம். அதே மெஷினில் அதற்கு முன்னால் வெளியே வந்தது ஒரு அஞ்சலி. இரண்டையும் காயவைக்கத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். ஹீரோவைவிட அஞ்சலி ஆள் நன்றாகத்தான் இருந்தார். தேதிகளை மட்டும் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

மறுநாள் சித்தூரில் தியேட்டர் வாசலில் ஒரே பேப்பர் மழை, மேளம். உள்ளே உட்கார்ந்தேன். எனக்கு வலது பக்கம் அவன் சீட்டு, காலி. பின்வரிசையில் ஒருத்தன் அதில் கால் வைக்கப் பார்த்தான், முறைத்தேன். விளக்கு அணைந்தது. புகைபிடிக்காதீர்கள் என்று படம் போட்டார்கள். திருப்பதியில் இன்னொரு தியேட்டரில் இவன் என்ன செய்துகொண்டிருப்பான் என்று நினைத்தால் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வயிறும் எரிந்தது. சும்மா விட மனசு வரவில்லை. போனை மடியில் மறைத்துக்கொண்டு, "டேய், டைட்டில் போடப்போறான். ஹீரோ எப்படி சாவறான்னு டைப் பண்ணி அனுப்பட்டா?" என்று போட்டேன்.

திரையில் புகை வர ஆரம்பித்தபோது பதில் வந்தது.

"இங்க இன்னா படம் ஓடுதுன்னே எனக்கு தெர்லடா, அவ சிரிச்சிக்கினு கீறா."