மாலையோடு போன வீடு

பிள்ளைகளே, நான் கல்லூரிப் படிப்பைப் பாதியிலேயே நிறுத்தியவன். ஆனாலும் கடலூரில் என்னோடு படித்தவர்கள் தங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். அதில் சிதம்பரத்துக் குமார்தான் எனக்கு மிக நெருக்கம். ஆனால் அவனை நேரில் பார்த்துப் பல வருடம் ஆகிவிட்டது.

போன மாதம் அவன் நம்பரிலிருந்து மாலை போட்ட ஒரு படம் வந்தது. தலை நரைத்திருந்தாலும் அதே மூக்கு, அதே சிரிப்பு. ஒருவர் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று எழுத, எல்லோரும் எழுதினார்கள். நானும் எழுதினேன். ரோஜா மாலை வாங்கிக்கொண்டு அழுதபடியே பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தது குமார்!

“வா மச்சான். அப்பாவுக்கு வருஷ திதி. படையல் முடிஞ்சு இப்பதான் போனைப் பாத்தேன். எல்லாருமா சேந்து என்னையே அனுப்பி வச்சிட்டீங்களேடா!” என்று சிரித்தான்.

“படத்துல இருக்கிறது நீதான்னு நெனச்சிட்டேன்டா.”

அவன் சிரிப்பு நின்றது. “போன வருஷம் அப்பா செத்ததயும் குரூப்ல போட்டேன். கும்புடுற கை பொம்மைதான் வந்துச்சு, ஆளு வரல. நான் செத்தாதான் வருவியா மச்சான்?”

மாலையை அவன் அப்பா படத்துக்குப் போட்டேன். இலை போட்டுச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினான்.

இப்போது குரூப்பில் எழுதுவதைக் குறைத்துக்கொண்டேன். லீவு நாளில் யாராவது ஒரு நண்பன் வீட்டுக்குப் போய் வருகிறேன். போன வாரம் குறிஞ்சிப்பாடியில் கதவைத் திறந்த நண்பன், “யாருங்க?” என்று கேட்டான். பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.