ஆபேல் எடுத்துக்கொடுக்காத சொல்

வெள்ளாம்பல் நாடகக் கம்பெனியின் நோட்டீசில் பதினோரு பேருடைய பெயர் வரும். கதாநாயகனில் தொடங்கி ஒளி, ஒலி, ஒப்பனை என்று இறங்கி, கடைசி வரியில் வேன் ஓட்டுநர் வரைக்கும் அச்சடித்திருப்பார்கள். ஆபேலின் பெயர் மட்டும் வராது. இத்தனைக்கும் அந்த நோட்டீசில் எழுத்துப்பிழை திருத்துகிற ஆளே ஆபேல்தான்.

காரணம் கேட்டால் கம்பெனி முதலாளி கோலப்பன் ஒளிக்காமல் சொல்வார். "பின்னால நிண்ணு ஒருத்தன் வசனம் சொல்லிக் குடுக்கியான்னு தெரிஞ்சா, நடிகன் மேல சனங்களுக்கு உள்ள மதிப்பு போயிரும்லா." ஆபேலுக்கும் அது சரியென்றே பட்டது. பக்கத் திரைக்குப் பின்னால், உடுப்புப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, மடியில் நோட்டை விரித்து உட்கார்ந்திருக்கும் பிராம்டருக்கு நோட்டீசில் என்ன வேலை?

ஆபேல் நெய்யூர்க்காரர். பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பு ஏறவில்லை. தக்கலையில் ஓர் அச்சகத்தில் புரூஃப் வாசிக்கப் போனார். அங்கே ஒருவர் மெல்ல வாசிக்க மற்றவர் ஒத்துப் பார்க்க வேண்டும். சத்தம் கூடினால் முதலாளி முறைப்பார், குறைந்தால் எதிரே இருப்பவருக்குக் கேட்காது. இப்படியே ஏழு வருஷம் வாசித்ததில் ஆபேலின் குரல் பக்குவப்பட்டுவிட்டது. நாலு முழத்துக்குள் ஒவ்வோர் எழுத்தும் துலக்கமாகக் கேட்கும், ஐந்தாவது முழத்தில் காற்றுதான் இருக்கும். கோலப்பன் நோட்டீஸ் அடிக்க வந்தபோது அந்தக் குரலைக் கேட்டார். அவருடைய பிராம்டர் விசா கிடைத்து சவூதிக்குப் போயிருந்த நேரம் அது. அடுத்த வாரம் ஆபேல் அழகியமண்டபத்தில் கம்பெனி வேனில் ஏறினார்.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது வெறும் வாசிப்பு. ஆனால் ஒவ்வொரு நடிகருக்கும் ஒவ்வொரு விதமாகக் கொடுக்க வேண்டும். சிலருக்கு முழு வரி, சிலருக்குப் பாதி. சிரிப்பு நடிகருக்கு ஒன்றுமே கொடுக்கக் கூடாது, கொடுத்தால் கோபம் வந்துவிடும். நடிகர் மூச்சு இழுக்கிற நேரத்தில் சொல் காதில் விழ வேண்டும். முந்தினால் குழப்பம், பிந்தினால் மானக்கேடு. ஆபேல் சீசன் முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் குடிக்க மாட்டார், எண்ணெய்ப் பலகாரம் தொட மாட்டார், தொண்டைக்குச் சுக்கு ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்வார். இருபத்தைந்து வருஷத்தில் திரைக்குப் பின்னால் அவர் ஒரு தடவைகூட இருமியதில்லை. இதையெல்லாம் யாரும் கவனித்ததில்லை என்பது வேறு விஷயம்.

கம்பெனியின் பெரிய நடிகர் ராஜகுமார், சிதறால்காரர். ஆபேலைவிட ஐந்து வயது மூப்பு. மைக் இல்லாமலேயே கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல் அவருக்கு. ஞாபகசக்தியும் அப்படித்தான், யாருக்கும் சளைத்ததில்லை. அவருக்குத் தேவைப்பட்டது ஒவ்வொரு பெரிய வசனத்துக்கும் முதல் சொல் மட்டும்தான். அது கிடைத்தால் நாலு பக்கமும் தானாக வந்துவிடும். உண்மையில் அந்தச் சொல்கூட அவருக்குத் தெரியும். அது மறதியில் வந்த தேவை இல்லை, ஒரு பழக்கம். பின்னால் ஆபேல் இருக்கிறான் என்கிற தைரியத்தில்தான் அவர் முன்னால் போய் நிற்பார்.

"மேற்கே ஒரு வீடு" என்கிற நாடகத்தில் அவர் தகப்பன் வேஷம் கட்டினார். மகன்கள் இரண்டுபேரும் பங்கு கேட்டு நிற்பார்கள். தகப்பன் பதில் சொல்லாமல் மேடையின் முன்விளிம்பு வரைக்கும் மூன்று எட்டு நடந்து வருவார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ஒருதரம் உதறுவார். அந்த உதறலில் ஆபேல் "கிழக்கு" என்பார். "கிழக்குப் பக்கம் மூத்தவனுக்கு" என்று ராஜகுமார் தொடங்கினால், முன்வரிசைப் பெண்கள் சேலைத்தலைப்பைத் தேடத் தொடங்குவார்கள்.

இரண்டாயிரத்துப் பதினெட்டு டிசம்பரில் குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கோயில் திருவிழாவில் அந்த நாடகம் போட்டார்கள். தொடங்குவதற்கு முன்னால் கமிட்டிக்காரர்கள் கம்பெனி ஆட்களை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். கோலப்பன் அன்றைக்கு என்ன நினைத்தாரோ, ஆபேலையும் ஏறச் சொன்னார். அவர் முறை வந்தபோது, "இது ஆரு?" என்று செயலாளர் கேட்டார். ராஜகுமார் மைக்குக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அது நோட்டு பிடிக்கியவன். அவனுக்கு என்னத்துக்குப் பொன்னாட?" என்றார் சிரித்துக்கொண்டே.

மைக் அதை மைதானம் முழுக்கக் கொண்டுபோனது. சனங்கள் சிரித்தார்கள். ராஜகுமார் யாரையும் விட்டுவைக்காத கேலிக்காரர், சொன்ன அடுத்த நிமிஷம் மறந்துவிடுகிற ரகம். ஆபேலும் சிரித்தபடியேதான் இறங்கிவந்தார். ஆனால் உள்ளே எரிச்சல் மூண்டது. பத்தொன்பது வருஷமாக இந்த மனுஷன் வாய் திறக்கும் முன்பு நான் அல்லவா வாய் திறக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நாடகம் தொடங்கிய பிறகும் எரிச்சல் அடங்கவில்லை.

மூன்றாம் காட்சி வந்தது. மகன்கள் பங்கு கேட்டார்கள். ராஜகுமார் மூன்று எட்டு நடந்தார், துண்டை எடுத்தார், உதறினார். ஆபேல் வாயை மூடிக்கொண்டார்.

ஒரேயொரு மூச்சு நேரம் என்றுதான் கணக்கு. நோட்டு பிடிக்கிறவன் யார் என்று அவருக்குத் தெரிந்தால் போதும். அந்த ஒரு மூச்சு நேரமும் சனங்கள் அதை நடிப்பென்றே நினைத்து அசையாமல் இருந்தார்கள். ராஜகுமார் துண்டை இன்னொரு தரம் உதறினார். இரண்டாவது மூச்சு. இப்போது அவருடைய தலை லேசாகப் பக்கத் திரையின் பக்கம் திரும்பியது. அந்தக் கண்ணைப் பார்த்ததும் ஆபேலுக்குள் ஒரு கெட்ட சந்தோஷம் வந்தது. அதைத்தான் பிறகு அவரால் மன்னிக்கவே முடியவில்லை. மூன்றாவது மூச்சுக்குப் பிறகு "கிழக்கு" என்றார். பிறகு முழு வரியையும் சொன்னார். பிறகு இன்னும் இரண்டுமுறை, ஐந்தாவது முழத்துக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். ராஜகுமாருக்கு எதுவும் ஏறவில்லை. வாய் திறந்து மூடியது. எங்கோ ஒரு பையன் விசிலடித்தான். கோலப்பன் ஓடிவந்து திரையை இழுத்தார்.

மறுநாளே அது ஒரு நிமிஷ வீடியோவாக வாட்ஸ்ஆப்பில் சுற்றியது. கத்தாரில் இருந்த ராஜகுமாரின் மகனுக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த நாடகத்துக்கு வேன் புறப்படும்போது ராஜகுமார் வந்தார், ஏறவில்லை. கோலப்பனிடம் ஆபேலை வைத்துக்கொண்டே சொன்னார்.

"ஆபேலு எடுத்துக் குடுத்தான். நாலு தடவ குடுத்தான், பாவம். எனக்கு மண்டையில ஏறல்ல. இனி என்னைக் கொண்டு ஆவாது."

ஆபேல் அப்போது சொல்லியிருக்கலாம். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் வேலை போய்விடுமோ என்கிற பயம். பயம் தெளிந்தபோது வெட்கம் வந்தது. வெட்கத்தோடு ஒரு வருஷம் போனது, பிறகு கொரோனா வந்து எல்லோரும் வீட்டுக்குள் அடைந்தார்கள், பிறகு கம்பெனி புது நடிகரோடு மறுபடியும் ஓடத் தொடங்கியது. சொல்வதற்கு ஒரு நாள் வாய்க்கவேயில்லை என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பொய் என்றும் அவருக்குத் தெரியும். சிதறாலுக்கு நினைத்தால் போகலாம், பஸ்தான் இருக்கிறதே.

மனைவி ராஜபாயிடம் மட்டும் ஒருநாள் சொன்னார். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"இனி போய்ச் சொல்லி அவருக்கு என்ன கிடைக்கப் போவுது? ஒங்களுக்கு மனசு லேசாவும். அதுக்குத்தானே?"

இன்னும் இரண்டு வருஷம் போனது.

ஆறு வருஷம் கழித்து, போன ஆவணி மாதம், மார்த்தாண்டத்தில் ஒரு மருந்துக்கடையில் ராஜகுமாரின் மனைவி சுனிதாவைப் பார்த்தார். கையில் ஒரு பை நிறைய மாத்திரை. "ஆருக்கு மைனி?" என்று கேட்டார்.

"அவருக்குத்தான். ஞாபகத்துக்கு உள்ளது" என்றாள். "ரெண்டு வட்டம் ஸ்கேன் எடுத்தாச்சு. ஒண்ணும் இல்லேன்னு டாக்டர் சொல்லுகாரு. இவரு நம்பணுமே. எனக்கிட்ட ஒளிக்கியாங்கன்னு சொல்லி, வேற டாக்டரைக் கண்டு மாத்திரை எழுதி வாங்கிட்டு வந்தாரு. பேங்குக்குத் தனியாப் போவ மாட்டாரு. பைக்கை வித்தாச்சு. பேத்திக்க பேரை அவகிட்டயே ரெண்டுதரம் கேப்பாரு. மறந்து கேக்கல்ல ஆபேலு, மறந்திருக்குமோன்னு பயந்து கேக்காரு."

அந்த மனுஷன் நாடகத்தை விட்டார், அவ்வளவுதான் என்று இத்தனை வருஷமும் ஆபேல் நினைத்திருந்தார். அவர் தன் புத்தியையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. மனசு லேசாகவேண்டும் என்கிற எண்ணமெல்லாம் அங்கேயே ஓடிப்போனது. உண்மையைச் சொன்னால் அவருக்கு அவருடைய மண்டை திரும்பக் கிடைக்கும். அதற்காக எந்த அவமானமும் படலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச்சிலிருந்து நேராகப் பஸ் ஏறினார்.

ராஜகுமார் முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் மெலிந்திருந்தார். "ஆபேலு வந்தியா, வா மக்கா" என்ற குரல் மட்டும் பழையபடி இருந்தது. சுனிதா கட்டஞ்சாயா கொண்டுவந்து வைத்தாள். ஆபேல் டம்ளரைத் தொடாமல் சொல்லத் தொடங்கினார். பொன்னாடை, நோட்டு பிடிக்கியவன், எரிச்சல், மூன்று மூச்சு, அந்தக் கெட்ட சந்தோஷம், எதையும் விடவில்லை.

"நீங்க மறக்கல்லண்ணே. நான் தரல்ல. அதான் நடந்தது."

ராஜகுமார் சிரித்தார். வாசற்படியில் நின்ற சுனிதாவின் பக்கம் திரும்பினார்.

"நீ மருந்துக்கடையில இவனைக் கண்டேன்னு சொன்னல்லா, அப்பமே நெனச்சேன்."

"நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல்ல" என்றாள் சுனிதா. அவள் கண் நிறைந்திருந்தது. ஆபேலைப் பார்த்து மெதுவாகத் தலையை அசைத்தாள். அந்த அசைவில் இருந்தது நன்றி. அவளும் நம்பவில்லை.

"சத்தியமாண்ணே" என்றார் ஆபேல். "எனக்க பிள்ளையள் மேல சத்தியம்."

"ஏலே, பிள்ளையள் மேல எல்லாம் பொய்ச் சத்தியம் பண்ணாத" என்றார் ராஜகுமார். "உன்னை எனக்குத் தெரியாதா? பத்தொன்பது வருசத்துல ஒருநாள் நீ எனக்குப் பிந்திக் குடுத்தது உண்டா? நீயாக்கும் அப்பிடிச் செய்வ? ஆறு வருசமா இல்லாம, இவ வந்து அழுததுக்குப் பெறவு உனக்கு இது ஓர்ம வந்திருக்கு. நல்லா இருக்கு."

நல்ல பெயர் இப்படியும் காலை வாரும் என்று ஆபேலுக்குத் தெரியாது. அந்த வேன் கதவைப் பிடித்து நின்ற நாளில் சொல்லியிருந்தால் ராஜகுமார் அவர் சட்டையைப் பிடித்திருப்பார், கன்னத்தில் ஒன்று வைத்திருப்பார், மறுநாள் மேடை ஏறியிருப்பார். ஆபேல் எழுந்துவிட்டார்.

"எந்திரிச்சு நில்லுங்க. இப்பம் பேசிப் பாப்போம். நான் எடுத்துத் தாறேன். உங்களுக்கு எல்லாம் ஓர்ம உண்டு, நீங்களே பாப்பிய."

"வேண்டாம்டே."

"எனக்காவண்ணே. ஒரு தடவ."

ராஜகுமார் எழுந்தார். நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். சுனிதா டிவியை அணைத்தாள். ஆபேல் கதவுக்குப் பின்னால், அவருடைய இடது பக்கமாக, பழைய இடைவெளியில் போய் நின்றார். ராஜகுமார் சன்னலைப் பார்த்து மூன்று எட்டு நடந்தார். முதுகு நிமிர்ந்தது. துண்டை எடுத்தார், உதறினார். அந்த உதறலிலேயே, மயிரிழை பிந்தாமல், ஆபேல் கொடுத்தார்.

"கிழக்கு."

"கிழக்கு" என்றார் ராஜகுமார். "கிழக்குப் பக்கம்..."

ஆபேல் காத்திருந்தார். பிறகு "மூத்தவனுக்கு" என்றார். ராஜகுமாரின் உதடு அசைந்தது. ஆபேல் முழு வரியையும் கொடுத்தார். அடுத்த வரியைக் கொடுத்தார். கதவை விட்டு வெளியே வந்து, முகத்துக்கு நேரே நின்று கொடுத்தார். ராஜகுமாரின் நெற்றி வேர்த்துவிட்டது. அன்றைக்கு அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இன்றைக்கு உண்மையிலேயே எதுவும் இல்லை. ஆறு வருஷப் பயமும் மாத்திரையும் அவ்வளவையும் துடைத்துக் கொண்டுபோயிருந்தன.

ராஜகுமார் நாற்காலியில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது, தான் சொன்னது சரியாகப் போன மனிதரின் நிம்மதி.

"கண்டியா? நீ சரியாத்தான் குடுத்த. எனக்கு வரல்ல. அண்ணைக்கும் இதுதான் நடந்தது."

ஆபேல் நின்ற இடத்திலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். ராஜகுமார் எட்டி அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார், ஆறிப்போன சாயாவை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"வெசனப்படாத மக்கா" என்றார். "உனக்க பேருல ஒரு குத்தமும் இல்ல."