எந்தப் பக்கத்திலிருந்து பார்த்த படம்

அலுவலகத்தில் அவளை லைப்ரரி அக்கா என்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் புத்தகம் கேட்டு வந்து அசடு வழிவதும் உண்டு. அவளிடம் இருந்தவை மின்னணுப் பாகங்களின் விவரங்கள்; அந்தத் தொகுப்புக்குத்தான் அங்கே லைப்ரரி என்று பெயர். தயாரிப்பாளர் தரும் தாளைப் பார்த்து, எந்தப் பாகத்துக்கு இணைப்புக் கால்கள் எங்கே என்று டிசைன் மென்பொருளில் வரைந்து வைப்பாள். பதினொரு வருடமாக அதே வேலை.

ஒரு கனெக்டர் அவளைக் கவிழ்த்துவிட்டது. தாளில் இருந்தது அடிப்பக்கத்துப் படம். அவள் மேலிருந்து பார்த்ததாக எடுத்துக்கொண்டாள். கால்கள் இடம் வலமாக மாறிப்போய், முந்நூறு சர்க்யூட் போர்டுகள் குப்பைக்குப் போயின. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்த நாத்தனாரிடம், துணி மடித்துக்கொண்டே அதைச் சொன்னாள். நாத்தனாருக்கும் வேறொரு கம்பெனியில் இதே வேலைதான்.

"எந்தக் கனெக்டர் அண்ணி?" பாகத்தின் எண்ணைக் கேட்டதும் நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, ஆறு மாசம் முன்னாடி நாங்களும் இதுலதான் மாட்டிக்கிட்டோம்."

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"சொல்லி? எங்க ஃபைல் உங்க சாஃப்ட்வேர்ல திறக்கவே திறக்காதே."

அந்தப் பதில் அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. வாரக் கடைசிகளில் இருவரும் உட்கார்ந்து, எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய ஒரு பொது வடிவத்தை எழுதினார்கள். ஒவ்வொரு அளவுக்கும் எந்தத் தாள், எந்தப் புறத்திலிருந்து பார்த்தது, யார் சரிபார்த்தது என்று குறித்தே ஆக வேண்டும். கால்களை ஒன்றிலிருந்து எண்ணுவதா, பூஜ்யத்திலிருந்தா என்பதில் இருவருக்கும் மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்" என்ற அவள் கணவன் இருவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அலுவலகத்துப் பாக விவரங்களை அந்த வடிவத்தில் வெளியிட அனுமதி கேட்டதும் மேனேஜர் முகம் சுளித்தார். "நம்ம உழைப்பைச் சும்மா தூக்கிக் குடுக்கறதா?"

"டிசைன் நம்மளோடது சார். கனெக்டரோட கால் எங்க இருக்குங்கறதுமா நம்ம ரகசியம்?"

ஒரு வாரம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்தார்கள். இரண்டு மாதம் ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. பிறகு முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து ஒரே வரி: "நாற்பத்தோராவது பாகத்தில் துளை சிறிது." அவள் வரைந்தது. முகம் சுண்டிப்போனது. தாளை எடுத்துப் பார்த்தாள். அவர் சொன்னதே சரி. மறுவாரம் அந்தப் பாகம் வைத்த போர்டுக்குத்தான் ஆர்டர் போவதாக இருந்தது. திருத்திவிட்டு, சரிபார்த்தவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினாள். குடும்பத்துக்கு வெளியே அதுதான் முதல் பெயர்.

இப்போது ஒன்பது கம்பெனிகள் அதில் எழுதுகின்றன. ஒரு பெரிய மென்பொருள் நிறுவனம் மட்டும் அந்த வடிவத்தைத் தன் மென்பொருளில் சேர்க்க இன்னும் பிடி கொடுக்கவில்லை. போன வாரம் அவர்களுக்கு நான்காவது கடிதம் போட்டிருக்கிறாள்.