காரணம் எழுதும் கட்டம்

தோல் தொழில்நுட்பப் படிப்பில் ஏற்றுக்கொண்ட இடத்தைத் துறந்து, இலக்கியம் படிக்க முடிவுசெய்திருந்தேன். மாலைக்குள் சான்றிதழ்களைத் திரும்பப் பெறாவிட்டால் இலக்கிய இடமும் போய்விடும்.

அலுவலக எழுத்தர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு எழுதினார். எனக்கு முன் நின்ற இரு பெண்களின் விலகல் படிவங்களிலும், கேளாமலே, 'குடும்பச் சூழ்நிலை' என்று காரணத்தை நிரப்பினார். என்னுடையதிலும் அதையே எழுதினார்.

"அடிச்சிடுங்க சார். வீட்ல ஒன்னும் இல்ல. எனக்குத்தான் மனசு மாறிடுச்சு."

"அப்டி எழுதினா பிரின்ஸ்பால் கையெழுத்து போட மாட்டாரும்மா. பேஜாராய்டும்."

"போடலன்னா நானே போய்க் கேக்கறேன்."

கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். தான் எழுதியதை அடித்துவிட்டு, 'மனம் மாறிவிட்டது' என்று எழுதி உள்ளே சென்றவர் கையெழுத்துடன் திரும்பினார். அங்கே என்ன சொன்னார் என்பது இன்றும் எனக்குத் தெரியாது.

சான்றிதழ்களுடன் வாசலைத் தாண்டியபோது, அடுத்த பெண்ணிடம் அவர் கேட்டது காதில் விழுந்தது:

"உனக்கு இன்னாம்மா காரணம்? நீயே சொல்லு."