மெஷின் பழுது என்று சொன்ன ராத்தா

ஜெஸீமா ராத்தா போய்விட்டா. நேற்று விடியற்காலை, கிண்ணியாவில் அவவின் வீட்டில்… மாரடைப்பாம்.

முந்தாநாள் பின்னேரம் வரை என் பக்கத்தில் நின்ற மனுசி.

துறைமுக ரோட்டில் எங்கள் பல் கிளினிக்குக்கு வந்தவர்களுக்கு அவவைத் தெரியும். டொக்டர் நான்தான், ஆனால் எல்லோரும் தேடுவது அக்கா மாதிரி உதவிக்கு நிற்கும் ராத்தாவைத்தான். நான் கையை நீட்டினால் வேண்டிய சாமான் கையில் இருக்கும். பத்து வருசமாக எதையும் பெயர் சொல்லிக் கேட்டதில்லை.

கொரோனா நேரம்… லொக்டவுன் முடிந்து, மெஷினால் பல் துளைக்கலாம் என்று அனுமதி வந்தது. அந்த மெஷின் தண்ணீரோடு எச்சிலையும் சேர்த்து முகத்தில் தெளிக்கும். எங்கள் தொழிலில் எல்லோரும் பயந்தது அதற்குத்தான்.

எனக்கு வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை, டயலிசிஸ் செய்கிற அப்பா. மெஷினை ஓட்டும் பெடலில் வைத்த கால் அப்படியே விறைத்துவிடும். பல் டொக்டருக்கு மெஷினைக் கண்டு பயம் என்று யாரிடம் சொல்வது?

பொய் சொன்னேன். மெஷின் பழுது.

ராத்தா என்னை ஒரு பார்வை பார்த்தா. அடுத்த நாள் வாசலில் அவ எழுதிய மட்டை தொங்கியது. "மெஷின் பழுது. பல் பிடுங்க மட்டும்."

மூன்று கிழமை, இருபத்தொரு நாள், அது தொங்கியது. கடைசியில் கொழும்பிலிருந்து கிளினிக் முதலாளி மெக்கானிக்கை அனுப்பினார். அவர் சுவிட்சைப் போட, மெஷின் ஜம்மென்று ஓடியது. நேற்று வரை ஓடவில்லை, உங்களைக் கண்டு பயந்துவிட்டது போல என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டா ராத்தா. முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை.

அன்றைக்கே வேலையை விடப்போகிறேன் என்று அவவிடம் அழுதேன். முகத்தில் அந்தப் பிளாஸ்டிக் கவசத்தோடு அழுதால் கண்ணைத் துடைக்கவும் ஏலாது.

ராத்தா நோயாளியின் கதிரையில் ஏறிப் படுத்து, மாஸ்க்கைக் கழற்றினா.

"கடவாய்ப் பல்லுல ஓட்டை ஒண்டு இருக்கு. அடைச்சு விடுங்க டொக்டர். பயமா இருந்தா பயத்தோடயே செய்ங்க."

அந்தக் குரலை இன்னொரு தரம் கேட்டால் போதும் போல இருக்கிறது…

செய்தேன். பயத்தோடேயே. என் வாழ்க்கையில் நான் அடைத்த ஆக மோசமான பல் அதுதான். பிறகு எத்தனையோ தரம் திருத்தித் தருகிறேன் என்று கெஞ்சினேன். விடவே இல்லை. இருக்கட்டும், இது உங்கள் கையெழுத்து என்று சிரிப்பா.

அடுத்த நாள் மட்டையைக் கழற்றினோம்.

நேற்றுப் பின்னேரம் மௌத்து வீட்டுக்குப் போனேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த நாட்களைச் சொன்னா. உம்மா வேலையால் வந்து கிணற்றடியில் குளித்துவிட்டு, பிள்ளைகளைக் கிட்ட விடாமல் வெளி அறையில் தனியே கிடப்பாவாம். நித்திரையே இல்லையாம். காலையில் பஸ் ஏற முன்னம் பயத்தில் குடித்த தேத்தண்ணியையும் சத்தி எடுப்பாவாம்.

"டொக்டருக்குச் செல்லிப்போடாதீங்க, அவ பாவம் எண்டு உம்மா செல்லுவாங்க."

நான் கதவடியிலேயே இருந்துவிட்டேன்.

ராத்தா… உங்களுக்கும் பயமா இருக்கோ எண்டு நான் ஒருநாளும் கேட்கேல்லையே.

போயிட்டு வாங்கோ.