திரைக்குப் பின்னால் நான் கேட்ட அவகாசம்

அல்லாஹ்வை நம்பி வாழும் சகோதரிகளே, என் வீடு கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானதை நான் காதால் கேட்டவள். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். பூந்தமல்லியில் தையல் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரர் காய்ச்சலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் தாய் தகப்பனும் முன்பே மவுத்தாகிவிட்டார்கள். எனக்கென்று இருந்தது அவர் கட்டிய ஓட்டு வீடு ஒன்றுதான்.

மய்யித்தை அடக்கிவிட்டு வந்த கையோடு, மேனாம்பேட்டிலிருந்து வந்திருந்த அவருடைய அண்ணன், என் மச்சான், என் அறை வாசலில் தானே திரை கட்டினார்.

"ஜைனபு, நாலு மாசம் பத்து நாளு இத்தாவ ஒழுங்கா இரு. ஆம்பள கண்ணுல பட்டுடாத. ஊட்ட நான் பாத்துக்கறேன்."

குரலில் அத்தனை கனிவு! புருஷனை இழந்தவள் அந்த நாட்களை வீட்டுக்குள்ளேயே கழிப்பதுதான் இத்தா. நானும் வெள்ளைப் புடவையில் உட்கார்ந்தேன். அவர் குடும்பத்தோடு வந்து தங்கிவிட்டார்.

முதலில் பித்தளை அண்டாவை இழுக்கும் சத்தம். பிறகு கட்டில். ஒரு மதியம் தையல் மிஷின் சக்கரம் கிறீச்சிட்டது. திரைக்குள்ளிருந்தே கத்தினேன்.

"மச்சான், அது அவரு மிஷினு!"

வெளியே சத்தம் நின்றது. "இத்தால கீற பொம்பள குரல் வெளிய கேக்கக் கூடாதும்மா" என்றார், மெதுவாக. மறுபடி சக்கரம் உருண்டது. அதன் பிறகு நான் இருமினால்கூட வீடு எதிரொலித்தது.

பக்கத்து வீட்டு மைமூன் அக்கா பிரசவம் பார்க்கிறவர். அவர்தான் சோறு கொண்டுவந்து காதோடு சொன்னார்.

"இத்தா முடியற அன்னிக்கே ஊட்ட பூட்டிடுவானாம்டி. புள்ள இல்லாதவளுக்கு ஊடு எதுக்குன்றான். உன்ன கள்ளிக்குப்பத்துல எவனோ கெழவனுக்குக் கட்டிவெக்கப் பேசிகினு கீறான்."

எனக்கென்று பேச யாரும் இல்லை. அஸர் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து அழுதேன். "யா அல்லாஹ், வீட்டைக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் கொடு." அந்த சஜ்தாவிலேயே வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. பட்டினி வாய்வு என்று நினைத்தேன். தூரம் நின்றதைக்கூடத் துக்கத்தால் என்றுதான் எண்ணியிருந்தேன். மைமூன் அக்கா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அவர் போய்ச் சொல்ல, பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து திரைக்கு வெளியே நின்றார்.

"வயித்துல புள்ள கீறவங்களுக்குப் பேறு ஆனாத்தான் இத்தா முடியும். அதுவரைக்கும் யாரும் அவங்கள கெளப்பக் கூடாது. பாகமும் பிரிக்க வேணாம். இத்தா ஒழுங்கா நடக்கணும்னு ஜமாஅத்துல வந்து சொன்னது நீதானப்பா?"

மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகும் சத்தம் கேட்டது.

பயம் அதோடு போகவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் அவர் நிழல் வந்து நிற்கும். "நெஜமாவே புள்ளதானா ஜைனபு?" என்று அதே கனிவோடு கேட்கும். மைமூன் அக்கா கையால் தவிர யார் கொடுத்ததையும் நான் வாயில் வைக்கவில்லை.

மகள் பிறந்தாள். பொண்ணு என்றதும் மச்சான் சிரித்தது எனக்குக் கேட்டது. மகன் என்றால் மார்க்கப்படி சொத்தில் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. ஆனாலும் மகளுக்குப் பாதி, எனக்கு எட்டில் ஒன்று, மீதிதான் அவருக்கு என்று ஹஜ்ரத் தீர்த்துச் சொன்னபோது அந்தச் சிரிப்பு அடங்கிப்போனது. அண்டாவும் கட்டிலும் கடைச் சாமானும் அவர் பங்கில் கழிந்தன. வீடு எங்களுக்கு நின்றது. மிஷினையும் கேட்டு வாங்கினேன். அதை மிதித்துத்தான் மகளை வளர்த்தேன்.

சகோதரிகளே, கதவெல்லாம் அடைத்துவிட்டது என்று தோன்றினால் நெற்றியைத் தரையில் வையுங்கள். எனக்கு வந்த உதவி எனக்குள்ளேயே இருந்தது, நான்தான் அறியவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

மச்சான் தன் கையால் கட்டிய திரையை அவிழ்த்து வெட்டி, அந்த மிஷினிலேயே என் மகளுக்கு முதல் சட்டை தைத்துப் போட்டேன்.