பெருமாள் கோயில் திருநீறு

அந்த ஆண்டு புரட்டாசியில் ஐந்து சனிக்கிழமைகள் வந்தன. ஞாபகத்தை நம்பி இதைச் சொல்லவில்லை. அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. நடப்பதையெல்லாம் நாள்வாரியாக எழுதிவைக்கும் வியாதி அப்போதே பிடித்திருந்தது. நீல அட்டை போட்ட அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. முன்பக்கத்திலிருந்து அப்பாவின் எடைக் கணக்கு. தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் பூப்பந்து ஆட்டங்களின் கணக்கு. பின்பக்கம்தான் சீக்கிரம் நிரம்பியது.

அப்பாவின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்தியிருந்தன. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர், செவ்வாய், வியாழன், சனி என வாரத்தில் மூன்று காலைகள் கிள்ளானில் ஒரு கடைவரிசையில் இருந்த ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் படுத்துக் கிடந்தார். நாங்கள் அதை மெஷின் என்றுதான் சொல்வோம். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அவர் குடிக்கலாம். தேநீர், ரசம் எல்லாம் அதற்குள் அடக்கம். அளந்து கொடுப்பது அம்மா. அப்பா தாகத்தில் கெஞ்சுவார், அம்மா மறுப்பார், பிறகு இருவரும் கத்துவார்கள், பிறகு இருவரும் பேசாமல் இருப்பார்கள்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, சமையலைக் கவனிக்கச் செமினியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். நல்லவர். ஆனால் நோயைப் பற்றிய பேச்சை வீட்டுக்குள் விடமாட்டார். யார் கேட்டாலும் 'சரியாயிரும்' என்ற ஒரே பதில்தான். தம்பி மெஷினில் படுத்திருக்கும்போது அவன் மனைவி வாசலில் உட்கார்ந்து சாமியை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி.

அம்மாவும் தொடக்கத்தில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். உள்ளே போக முடியாது. தாதியை அங்கே எல்லாரும் மிஸ்ஸி என்பார்கள், அந்த மிஸ்ஸி துரத்திவிடுவார். வெளியே நாற்காலி வரிசையில் எங்களைப் போல இன்னும் சிலர். அவர்களில் ஒரு சீன ஆன்டி, கணவர் அப்பாவுக்குப் பக்கத்து மெஷினில். அவர்தான் ஒரு நாள், இங்கே உட்கார்ந்து கதவையே முறைத்துக்கொண்டிருந்தால் ரத்தம் சீக்கிரம் சுத்தமாகிவிடுமா என்று மலாயில் கேட்டுவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினார். அவருடைய தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இருந்த பொது மண்டபத்தின் சாவி. மண்டபத்தை நாங்கள் டேவான் என்போம். அதற்குள் ஒரு பூப்பந்து ஆடுகளம் இருந்தது.

மனைவியை மெஷினில் விட்டுவிட்டு வரும், லாரி ஓட்டும் லோரி அங்கிள், அம்மாவை விட்டுவிட்டு வரும் ஒரு மலாய் அண்ணன், சீன ஆன்டி, என் அம்மா. ஆக நான்கு பேர். பதினெட்டு வயதில் பள்ளிக்காக விளையாடியவராம் அம்மா. எனக்கே அன்றுதான் தெரியும். அவர் எகிறி அடித்த முதல் அடியைப் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வீட்டில் தண்ணீர் அளக்கும் அந்தக் கையா இது?

டேவானுக்குச் சட்டங்கள் இருந்தன. நான் அவற்றை எண் போட்டு எழுதிவைத்தேன். மெஷினில் ஆள் இருப்பவர்தான் ஆடலாம். கைத்தொலைபேசிகள் எல்லாம் பெஞ்சில் வரிசையாக, சத்தத்தை ஏற்றி வைத்திருக்க வேண்டும். எது அடித்தாலும், பந்து அந்தரத்தில் இருந்தால்கூட, ஆட்டம் நிற்க வேண்டும். ஆடுகளத்துக்குள் நோயாளியைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது. பெஞ்சில் எதை வேண்டுமானாலும் பேசலாம். இந்தக் கடைசிச் சட்டம் எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் பெஞ்சில் அதிக நேரம் வீணானது. ஒரு முறை அம்மா அங்கே உட்கார்ந்து, முதல் நாள் ஒரு வாய்த் தண்ணீருக்காக அப்பாவை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டதைச் சொன்னார்.

லோரி அங்கிள் பந்தின் இறகுகளை நீவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார். "நான் செவ்வாக்கெழம திட்டுனேன் தங்கச்சி. கிளாஸத் தூக்கிப் போட்டு ஒடைச்சேன். சரி, எந்திரி. சர்வீஸ் உன்னுது."

அம்மா எழுந்தார். அன்றைய ஆட்டம் 21-14. அம்மா பக்கம் வெற்றி.

வியர்த்து வழிய வீட்டுக்கு வந்த அம்மாவை அத்தை ஏற இறங்கப் பார்த்தார். கோயிலைச் சுற்றிவந்ததாக அம்மா சொல்லிவிட்டார். எத்தனை சுற்று என்றார் அத்தை. நூற்றெட்டு என்று அம்மாவின் வாயில் வந்துவிட்டது. அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து அம்மாவுக்குச் சாதத்தில் கூடுதலாக ஒரு கரண்டி நெய்.

புரட்டாசி பிறந்ததும் சிக்கல் வந்தது. புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் பெருமாள் கோயில். பெருமாள் கோயில் என்றால் பிரசாதம் வர வேண்டும். லோரி அங்கிள் கைகொடுத்தார். மனைவியை மெஷினில் விட்ட கையோடு பெருமாள் கோயிலுக்குப் போய்த் துளசியும் கொஞ்சம் சர்க்கரைப் பொங்கலும் வாங்கி அம்மாவிடம் சேர்த்துவிடுவார். முதல் சனி, இரண்டாம் சனி இரண்டிலும் திட்டம் பழுதில்லாமல் நடந்தது. அப்பா துளசியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அத்தைக்குப் பரம திருப்தி.

மூன்றாம் சனிக்கிழமை மாபெரும் இறுதியாட்டம். சீன ஆன்டி ஒரு டின் பிஸ்கட் பரிசு வைத்திருந்தார். அம்மாவும் லோரி அங்கிளும் ஒரு பக்கம், ஆன்டியும் மலாய் அண்ணனும் மறுபக்கம். அன்று பார்த்து லோரி அங்கிள் தாமதமாக வந்தார், வெறுங்கையோடு. பிரசாதம் வாங்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். பெருமாள் கோயில் நடந்து கால் மணி நேரம். பெரிய சாலையை மேம்பாலத்தில் ஏறிக் கடக்க வேண்டும். பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். கோயில் வாசலிலிருந்து வரிசை பேருந்து நிறுத்தம் வரை நீண்டிருந்தது. இந்த வரிசையில் நின்றால் ஆட்டம் முடிந்து பிஸ்கட்டும் தீர்ந்துவிடும்.

டேவானுக்குப் போகும் சந்தின் முனையில் ஒரு சின்ன முனீஸ்வரர் கோயில் உண்டு. அங்கே ஒருவரும் இல்லை. நான் பிரசாதம் கேட்டதும் பூசாரி அண்ணன் ஒரு தாளில் மடித்துக் கொடுத்தார். சாமி சாமிதானே என்று ஓடி வந்தேன்.

நான் உள்ளே நுழைந்தபோது 19-19. ஒரு புள்ளி அங்கே, ஒரு புள்ளி இங்கே. 20-20. மலாய் அண்ணன் ஓங்கி அடிக்கக் கையைத் தூக்கிய நொடியில் பெஞ்சில் ஒரு தொலைபேசி அடித்தது. நான்கு பேரும் சிலையாக நின்றார்கள். பந்து தரையில் விழுந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. யாருடைய தொலைபேசி என்றுதான் பார்த்தார்கள். ஆன்டியுடையது. அவர் காதில் வைத்துக் கேட்டார், கேட்டார், பிறகு கத்தினார். அரிசி எத்தனை குவளை போட வேண்டும் என்று மகன் கேட்கிறானாம். லோரி அங்கிள் தரையில் உட்கார்ந்து சிரித்தார். அந்தப் புள்ளியைத் திரும்ப ஆடினார்கள், பிறகு இன்னொன்று. 22-20. அம்மா பக்கம் வெற்றி. பிஸ்கட் டின்னைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆடுகளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவள் நான்.

மாலையில் அத்தை பொட்டலத்தைப் பிரித்தார். பிரித்தவர் அப்படியே நின்றார்.

"பெருமாள் கோயில்ல எப்பருந்து திருநீறு குடுக்குறாங்க?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சாய்வு நாற்காலியிலிருந்து கையை நீட்டி, ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு, யார் கொடுத்தால் என்ன என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். அத்தை மூடவில்லை. அடுத்த சனிக்கிழமை தானும் கோயிலுக்கு வருவதாகச் சொன்னார்.

அந்த வாரம் முழுவதும் அம்மா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சீன ஆன்டியைத் தொலைபேசியில் அழைத்து, இனி வர முடியாது என்று தாழ்ந்த குரலில் சொன்னதைக் கேட்டேன். புதன்கிழமை பருப்புச் சட்டியைக் கருக விட்டார். வியாழக்கிழமை அப்பா கூடுதலாக ஒரு வாய்த் தண்ணீர் கேட்டபோது அளவுக் குவளையைத் தொட்டியில் எறிந்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். எல்லாம் என் ஒரு பொட்டலத்தால் வந்தது. ஆட்டங்களின் பக்கத்தில் அடுத்த வரிக்கு எண்ணைப் போட்டுவிட்டு வெறுமையாக வைத்திருந்தேன்.

நான்காம் சனிக்கிழமை. அப்பாவை மெஷினில் விட்டுவிட்டுக் காரில் ஏறினோம். முன்னால் அத்தை, பட்டுச்சேலையில், மடியில் தேங்காய்த் தட்டு. பின்னால் நான். சாலைச் சந்திப்பில் வலப்பக்கம் பெருமாள் கோயில், இடப்பக்கம் டேவான். அம்மா வலப்பக்கச் சிக்னல் போட்டுச் சிவப்பு விளக்கில் நின்றார். டிக்டிக்கென்று அது அடிப்பதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பச்சை விழுந்தது. அம்மா சிக்னலை அணைத்தார். இடப்பக்கம் திருப்பினார். பின்னாலிருந்து இரண்டு கார்கள் ஹாரன் அடித்தன.

"ஏம்மா, கோயில் அந்தப் பக்கம்ல?"

"தெரியும் அண்ணி."

டேவான் வாசலில் காரை நிறுத்தி, அம்மா பின்பக்கத்தைத் திறந்து, மாற்றுச் சக்கரத்துக்கு அடியிலிருந்து வெள்ளைக் காலணிகளை எடுத்தார். அத்தை அவற்றைப் பார்த்தார். பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கோயிலுக்கும் போய்ப் பாத்தேன் அண்ணி," என்றார் அம்மா, குனிந்து கயிற்றைக் கட்டிக்கொண்டே. "சாமி முன்னால நின்னா அழுகதான் வருது. இங்க வந்தா ரெண்டு மணி நேரம் வரமாட்டேங்குது."

உள்ளே மூவரும் இருந்தார்கள். சீன ஆன்டிக்கு நிலைமை ஒன்றும் தெரியாது. பட்டுச்சேலையையும் தேங்காயையும் பார்த்துவிட்டு, இவர் யாருடைய ஆள் என்று கேட்டார். மெஷினில் இருப்பவருடைய அக்கா என்று அம்மா சொன்னார்.

"சிஸ்டர் ஆ?" ஆன்டி சட்டத்தை ஒரு நொடி யோசித்தார். "சிஸ்டர் ஓகே லா." ஒரு மட்டையைக் கொண்டுவந்து அத்தையின் கையில் திணித்தார்.

அத்தை ஒரு கையில் தேங்காய்த் தட்டும் மறு கையில் மட்டையுமாகப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். லோரி அங்கிளுக்கு அன்று முழங்கால் வலி, அவரும் பெஞ்சில்தான். மற்ற மூவரும் ஒருவருக்கு இருவராக ஆடினார்கள். ஆடுகளத்தின் ஒரு பாதியில் அம்மா தனியாக நின்றார். முதல் சர்வீஸையே வலையில் அடித்தார். நான்கு புள்ளிகள் வரிசையாகப் போயின. 0-4. நான் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் லோரி அங்கிள் அத்தையிடம் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தார். "தம்பிக்கு எப்படிக்கா இருக்கு?"

அத்தை வழக்கமான பதிலைச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தார். அது வரவில்லை.

"நான் தூக்கி வளத்த புள்ள," என்றார். "இப்ப அவன் கையத் தொட்டுப் பாக்கவே பயமா இருக்கு."

பிறகு அத்தை பேசினார். ஆட்டம் முழுக்கப் பேசினார். எனக்கு ஸ்கோர் கேட்கவில்லை என்று எரிச்சலாக இருந்தது. அம்மாவைப் பற்றிக் கோள் சொல்கிறார் என்றும் நினைத்தேன். லோரி அங்கிள் ஒரு அறிவுரையும் சொல்லவில்லை. நடுநடுவே தலையை மட்டும் ஆட்டினார். 11-12. 17-17. அம்மா ஓடி ஓடி எடுத்தார். கடைசிப் பந்தை ஆன்டி வலைக்கு மேல் மெதுவாகத் தட்டிவிட, அம்மா பாய்ந்து, எட்டாமல், குப்புற விழுந்தார். 19-21. தோல்வி.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், தரையில் கிடந்த அம்மாவை மேலிருந்து பார்த்தார்.

"கைய இன்னும் நீட்டியிருந்தா கெடச்சிருக்கும்."

அம்மா சிரிக்கத் தொடங்கினார். அத்தையும்.

அன்று மாலை அப்பா எங்கே போனீர்கள் என்று கேட்காமலே, அத்தை தானாகக் கோயிலில் நல்ல கூட்டம் என்று அறிவித்துவிட்டு அம்மாவோடு அடுப்படிக்குப் போனார். அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"யாரு ஜெயிச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து மெஷினில் சீன ஆன்டியின் கணவர் படுத்திருப்பது அப்போதுதான் உறைத்தது. முதல் வாரத்திலிருந்தே அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இனி மறைக்க என்ன இருக்கிறது? நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து, தலைகீழாகத் திருப்பி, முதல் ஆட்டத்திலிருந்து எல்லா ஸ்கோரையும் மூச்சுவிடாமல் வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா எத்தன தடவ சிரிச்சா?"

பக்கங்களைப் புரட்டினேன். "அத எழுதலப்பா."

"இனிமே எழுது."

ஐந்தாம் சனிக்கிழமை காலை, அளவுகோல் வைத்து ஒரு புதிய கட்டம் கோடிட்டுக்கொண்டேன். எந்த ஸ்கோர் புத்தகத்திலும் இப்படி ஒரு கட்டம் இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வேலையை ஒழுங்காகச் செய்தேன். சிரிப்பு, பதினேழு. அதில் இரண்டு சந்தேகம், கையால் வாயை மூடிக்கொண்டார். அப்பா அந்த ஒரு எண்ணை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்தார். அன்று அம்மா 12-20 என்று பின்தங்கியிருந்து வரிசையாகப் பத்துப் புள்ளிகள் எடுத்து வென்றிருந்தார். அதைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த மனிதருக்கு ஆட்டத்தைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லையே என்று நான் இரவுவரை கோபமாக இருந்தேன்.